சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்

சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணியை அடுத்து, முகப்பு வட்டமாய் வளைந்து கடலை நோக்கி நிற்கும் பழைய மாளிகை ஒன்று உண்டு. இந்நாளில் அது விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரால் விளங்குகின்றது. ஆயினும் ஊரார் நாவில் இன்றும் வழங்கும் பெயர் ‘ஐஸ் ஹவுஸ்’ என்பதே. பனிக்கட்டிக்கும் வெயில் கொளுத்தும் சென்னைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். பிரெடரிக் டூடர் என்னும் அமெரிக்க வணிகர், தம் நாட்டு ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும்போது பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பினார். மாதக் கணக்கில் கடல் கடந்து வந்த அப்பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842ஆம் ஆண்டில் எழுந்ததே அக்கட்டடம். பின்னாளில் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் வழி இந்நாட்டிலேயே தோன்றவே, அவ்வாணிகம் நலிந்தது. மாளிகை பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞர் கைக்கு மாறியது. 1897ஆம் ஆண்டில் மேனாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்த அடிகள் ஒன்பது நாள் அங்கே தங்கினார். அதன்பின் 1917ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனை விலைக்கு வாங்கியது. யாருக்காக வாங்கியது தெரியுமா? உலகம் வேண்டாவென்று ஒதுக்கிய சிறுமியருக்காக. அச்சிறுமியர் அனைவரும் கைம்பெண்கள். அவர்களைத் திரட்டி, அவர்களுக்குத் தாயாகவும் ஆசிரியையாகவும் நின்றவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர். தாயார் விசாலாட்சி அம்மையார். தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்த ரிஷியூர் அவர்கள் குடும்பத்தின் பூர்விக ஊர். சுப்புலட்சுமி மூத்த மகள். இளமையிலேயே கல்வியில் அவருக்கிருந்த கூர்மை யாவரையும் வியப்பில் ஆழ்த்தியது. ஒன்பதாம் வயதில் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதிச் செங்கற்பட்டு மாவட்டம் முழுமைக்கும் முதல்வராகத் தேறினார்.

ஆயினும் அந்நாளைய வழக்கம் அவரை விட்டுவிடவில்லை. பெண் பருவமடையும் முன்னரே மணம் செய்துவிட வேண்டும் என்பது அக்குலத்தார் தவறாது கைக்கொண்ட நெறி. பதினோராம் வயதில் சுப்புலட்சுமிக்குத் திருமணம் நடந்தது. மணம் இன்னது என்று அறியும் முன்னரே கணவர் இறந்துபோனார் என்னும் செய்தி வந்தது. பொம்மை வைத்து விளையாட வேண்டிய சிறுமி கைம்பெண் ஆனார்.

கைம்பெண் என்ற அச்சொல்லின் சுமையை இக்காலத்து மாணவர்கள் எளிதில் உணர்தல் அரிது. கூந்தலை மழித்துவிடுவர், அணிகளைக் களைவர், நிறமும் கரையுமற்ற ஆடை ஒன்றே தருவர். ஒரு வேளை உணவுதான் உண்டு. திருமணம் முதலிய மங்கலச் சடங்குகளில் அவள் முகம் தோன்றலாகாது. வழியில் எதிர்ப்பட்டால் பயணம் புறப்பட்டவர் திரும்பி வீட்டுக்குள் புகுவர். இத்தனைக்கும் அச்சிறுமி செய்த குற்றம் யாதெனின், பிறந்ததன்றி வேறில்லை. 1856ஆம் ஆண்டிலேயே கைம்பெண் மறுமணத்துக்கு இடங்கொடுக்கும் சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. வழக்கம் வீட்டில் இருந்தது. வீட்டில் இருந்ததே வென்றது.

சுப்பிரமணிய ஐயர் இவ்விடத்தில் துணிந்து ஒரு காரியம் செய்தார். மகளின் கூந்தலை மழிக்க அவர் இசையவில்லை. மூலையில் முடங்கிக் கிடக்கவும் விடவில்லை. உறவினரும் அயலாரும் தூற்றினர். அவரோ மகளை மேலும் படிக்க வைப்பது என்று உறுதி கொண்டார். வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். அக்குடும்பத்தில் சுப்புலட்சுமியின் சிற்றன்னையார் வாலாம்பாள் அம்மையாரும் இளமையிலேயே கணவரை இழந்தவர். சிற்றன்னைக்கு நேர்ந்த வாழ்வு தம் மகளுக்கும் நேர வேண்டா என்று அத்தந்தையார் எண்ணியிருத்தல் கூடும். பின்னர் மகள் மேற்கொண்ட தொண்டிலே வாலாம்பாள் அம்மையார் உற்ற துணையாக நின்று, இல்லத்துச் சிறுமியருக்கெல்லாம் சித்தியானார் என்பது குறிப்பிடத்தக்கது.

பின்பு சுப்புலட்சுமி கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்ந்து பயின்றார். தமக்கென வீடும் செல்வமும் வேண்டாது, பிறர் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுவதிலேயே வாழ்நாளைச் செலவிடும் அக்கன்னியரின் வாழ்க்கை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. சமயம் அவர்களுடையதாக இருக்கட்டும். அத்தொண்டு நெறியை நம்மவரும் மேற்கொள்ளலாமே என்று அவர் எண்ணினார். பிற்காலத்தில் மக்கள் அவரைச் ‘சகோதரி’ என்று அழைக்கத் தொடங்கியதற்கும் இதுவே மூலம். அப்பெயரே நிலைத்தது. பட்டங்கள் பல வந்தபோதும் அதனை எதுவும் மறைக்கவில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1911ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. புதுச்சேரியை அடுத்துச் சுண்ணாம்பாற்றங்கரையில் அமைந்துள்ள நோணாங்குப்பம் போன்ற சிற்றூர்களிலிருந்தும் இந்நாளில் பெண்கள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தேறிக் கல்லூரிக்குச் செல்கின்றனர். அவர்களை எவரும் நின்று நோக்குவதில்லை. அன்றோ, கைம்பெண் ஒருவர் ஆடவர் பயிலும் கல்லூரிக்குப் போகிறார் என்பது மயிலாப்பூர் மாடவீதிகளில் பெரும் பேச்சாக இருந்தது. ஏளனம் செய்தவர் பலர், சாபமிட்டவரும் உண்டு. அவர் ஒருவருக்கும் மறுமொழி கூறாது நடந்தார்.

பட்டம் பெற்றாயிற்று. இனித் தம் வாழ்வைத் தாம் பார்த்துக்கொள்ளலாம் அன்றோ? அவருக்கு அவ்வெண்ணம் தோன்றவில்லை. தமக்குக் கிடைத்த தந்தை எல்லாச் சிறுமியருக்கும் கிடைப்பதில்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆகவே, எழும்பூரில் தம் குடும்பம் குடியிருந்த வீட்டிலேயே கைம்பெண்களாகிய நான்கு சிறுமியரை வைத்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கினார். நான்கு பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். ஆயினும் அந்நால்வரின் பெற்றோர் ஊரார் வாய்க்கு அஞ்சாது பிள்ளைகளை அனுப்பினார்களே, அது சிறு செயலன்று.

இந்நாட்டில் கைம்பெண்களுக்காக இல்லம் கண்டவர்கள் அதற்கு முன்னரும் இருந்தனர். பண்டித ரமாபாய் 1889ஆம் ஆண்டில் பம்பாயில் ஓர் இல்லம் தொடங்கினார். பூனாவில் கார்வே அவர்கள் தொடங்கியது 1896ஆம் ஆண்டில். சென்னையிலும் வீரேசலிங்கம் பந்துலு ஓர் இல்லம் ஏற்படுத்தியிருந்தார். அப்பெரியார் மறுமணத்தையே மருந்தாகக் கருதி, 1881ஆம் ஆண்டு முதலே கைம்பெண் திருமணங்களை முன்னின்று நடத்திவந்தார். சுப்புலட்சுமி அம்மையார் சென்ற வழி வேறு. மறுமணம் என்ற சொல் காதில் விழுந்தாலே மகளைத் திரும்ப அழைத்துச் செல்லும் பெற்றோரிடமிருந்து அச்சிறுமியரை அவர் பெற வேண்டியிருந்தது. எனவே அப்பேச்சை இல்லத்தில் எடுக்காது, கல்வி ஒன்றையே முன் வைத்தார்.

அக்கல்விக்கு ஒரு பயனும் அவர் கண்டார். அந்நாளில் பெண் பிள்ளைகளுக்கு ஆடவர் கற்பிப்பதைப் பெற்றோர் விரும்பவில்லை. மணமான பெண்களோ வீட்டைவிட்டு வெளியே வந்து தொழில் செய்யார். ஆகவே பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பதில்லை. ஆசிரியை இல்லாமையால் பள்ளி இல்லை. பள்ளி இல்லாமையால் படித்த பெண்கள் இல்லை. கைம்பெண்களைப் படிக்க வைத்து ஆசிரியைகள் ஆக்கினால் அவர்கள் தம் கையால் தாம் உண்பர். நாட்டுக்கும் ஆசிரியைகள் கிடைப்பர். அப்போது பெண்கள் பள்ளிகளைப் பார்வையிடும் பதவியில் இருந்த லிஞ்சு என்னும் ஐரிஷ் மாது இக்கருத்தின் சிறப்பை உணர்ந்து, அரசாங்கத்தின் உதவி கிடைக்கப் பெரிதும் முயன்றார். கடல் கடந்து வந்த அப்பெண்மணியின் பெயரையும் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

ஆனால் அரசாங்கத்தை மட்டும் நம்பி அம்மையார் இருந்துவிடவில்லை. 1912ஆம் ஆண்டில் சாரதா மகளிர் சங்கம் என்னும் சங்கத்தை நிறுவினார். இராமகிருஷ்ணரின் வாழ்க்கைத் துணைவியாரான சாரதாதேவியார் அதற்கு முந்தைய ஆண்டில்தான் சென்னைக்கு வந்து சென்றிருந்தார். அவர் பெயரையே சங்கத்துக்கு இட்டார். கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்குமன்றி வேறெங்கும் போய் அறியாத பெண்கள் ஓரிடத்தில் கூடினார்கள். பேச்சுகளைக் கேட்டார்கள், தாமே எழுந்து பேசவும் பழகினார்கள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த சிறு தொகைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முகமறியாச் சிறுமியின் புத்தகத்துக்கும் துணிக்கும் அத்தொகை பயன்பட்டது. பெண்கள் கூடிப் பொதுக் காரியம் செய்வது என்பது அக்காலத்தில் புதுமையிலும் புதுமை. இன்று ஊர்தோறும் தொண்டுச் சங்கங்கள் பல இருக்கின்றன. ஆண்டுதோறும் விழா எடுத்துத் தம் உறுப்பினர்க்குப் பொன்னாடையும் போர்த்துகின்றன. சாரதா மகளிர் சங்கத்தார்க்கு அந்நாளில் பொன்னாடை போர்த்துவார் எவருமில்லை. ஊரார் வழங்கியது வசைமொழியே.

சிறுமியர் தொகை பெருகிற்று. வாடகை வீடுகள் போதவில்லை. தவிர, இத்தகைய இல்லத்துக்கு வீடு கொடுப்பாரும் அரியர். கைம்பெண்கள் கூட்டமாக வாழும் வீடு தங்கள் தெருவில் இருப்பதைப் பலர் விரும்பவில்லை. அந்நிலையில்தான் ஊருக்கு ஒதுங்கிக் கடலைப் பார்த்து நின்ற ஐஸ் ஹவுஸ் மாளிகை அவர்களுக்குப் புகலிடமாயிற்று. பனிக்கட்டியின் குளிர்ச்சி என்றோ அகன்றிருந்தது. இப்போது அங்கே சிறுமியரின் சிரிப்பொலி கேட்டது. இருண்ட பின்கட்டிலே அடைபட்டுக் கிடந்தவர்கள் கடற்காற்றையும் பரந்த மணல்வெளியையும் கண்டார்கள். பாடம் படித்தார்கள், பாடினார்கள், ஓடி விளையாடினார்கள். விளையாட்டு என்பதையே மறந்திருந்த பிள்ளைகளுக்கு அது எத்தகைய பேறு!

இல்லத்தின் சமையலிலும் ஆசாரங்களிலும் அம்மையார் மிகக் கண்டிப்பாக இருந்தார். பழைய வழக்கங்கள் வழுவாது நடந்தன. சீர்திருத்தக்காரர் சிலர் இதனைக் குறை கூறினர். வெளியே புரட்சி, உள்ளே பழமை என்று அவர்கள் எண்ணினார்கள். ஆசாரம் கெட்டது என்ற ஒரு சொல் ஊரில் பரவியிருந்தால் மறுநாளே இல்லம் வெறுமையாகியிருக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் மற்றொரு குறை உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. அரசாங்க உதவி பெற்ற அவ்வில்லம் பிராமணக் குலத்துக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஏனைய குலத்தாருக்கும், பதினெட்டு வயது கடந்தவர்க்கும் அங்கே இடமில்லை. துன்பத்துக்குக் குலம் ஏது? இக்குறையை அம்மையாரும் உணர்ந்தார். ஆகவே சில ஆண்டுகளுக்குப்பின், சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் சாரதா வித்தியாலயம் தோற்றுவிக்கப்பட்டது. அரசாங்க இல்லத்தில் இடம்பெற இயலாதவர்க்கு அது கதவு திறந்தது. பின்னாளில் இராமகிருஷ்ண மிஷன் அதனை ஏற்று நடத்தலாயிற்று. கடற்கரையில் வாழ்ந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அம்மையார் ஒரு பள்ளி அமைத்தார். இல்லத்துப் பெண்கள் கற்பித்துப் பழகவும், குப்பத்துச் சிறுவர் எழுத்தறியவும் அஃது ஒருங்கே உதவியது.

1922ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அம்மையார் அமர்ந்தார். ஓய்வு பெறும்வரை அப்பணியில் இருந்தார். அங்கே பயிற்சி பெற்று வெளியேறிய பெண்கள் மாகாணத்தின் பல ஊர்களிலும் ஆசிரியைகளாயினர். ஒரு காலத்தில் எந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்க ஊர் அஞ்சியதோ, அந்தப் பெண்ணிடமே ஊர் தன் குழந்தைகளைக் காலையில் கொண்டுவந்து ஒப்படைத்தது.

அரசாங்க ஊழியராக இருந்தமையால் பொதுக் கிளர்ச்சிகளில் அவர் வெளிப்படையாகக் கலந்துகொள்ள இயலவில்லை. 1917ஆம் ஆண்டில் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தில் உறுப்பினராகவும் அவரால் ஆக முடியவில்லை. எனினும் கூட்டங்களுக்குச் சென்றுவந்தார். கைம்பெண்களைக் காப்பது ஒரு பணி. கைம்பெண்கள் உண்டாகாமலே தடுப்பது அதனினும் பெரும் பணி என்று அவர் கருதினார். குழந்தை மணம் ஒழிந்தாலன்றிக் குழந்தைக் கைம்பெண்கள் ஒழியார் அன்றோ? மண வயது பற்றி ஆராய ஜோஷி என்பவர் தலைமையில் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தபோது, அதன் முன் சென்று சான்று கூறினார். தம் கையால் வளர்த்த நூற்றுக்கணக்கான சிறுமியரை அறிந்தவர் கூறும் சான்றைவிட வேறு சான்று என்ன வேண்டும்! 1929ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறி, 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என மண வயதின் எல்லை வகுக்கப்பட்டது. அதனைக் கொண்டுவந்தவர் ஹர்பிலாஸ் சார்தா என்பவராதலின் சார்தா சட்டம் என்று அது பெயர் பெற்றது. பெண்ணின் மண வயது பின்னர்ப் பதினைந்தாகவும், 1978ஆம் ஆண்டில் பதினெட்டாகவும் உயர்ந்தது.

அதே காலத்தில் சென்னைச் சட்டசபையில் பெண்களுக்காக வாதாடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். இவ்விருவரும் பிறந்தது ஒரே ஆண்டில். அதுவும் மூன்று வாரத்துக்கும் குறைந்த இடைவெளியில். புதுக்கோட்டையில் பிறந்த அவர் மருத்துவமும், மயிலாப்பூரில் பிறந்த இவர் ஆசிரியத் தொழிலும் கைக்கொண்டனர். ஒருவர் மன்றத்தில் முழங்கினார். மற்றவர் வகுப்பறையில் மெல்லப் பேசினார். எவர் பணி பெரிது என்று அளந்து பார்ப்பதில் பொருளில்லை.

அம்மையாருடைய தொண்டினை உலகம் மதிக்கத் தொடங்கியது. 1920ஆம் ஆண்டிலேயே ஆங்கில அரசாங்கம் பொதுத் தொண்டுக்காக வழங்கும் கெய்சரிஹிந்த் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. நாடு விடுதலை பெற்றபின் 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 1958ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அயலார் ஆட்சியும் நம்மவர் ஆட்சியும் ஒருங்கே பாராட்டிய தொண்டு அது. மங்கல அவைகளில் நிற்கத் தகாதவர் என்று பதினோராம் வயதில் ஒதுக்கப்பட்டவர், எழுபத்திரண்டாம் வயதில் குடியரசின் விருதுக்குரியவராய்ப் போற்றப்பட்டார். இடையே கழிந்தவை அறுபது ஆண்டுகளுக்கு மேல்.

ஓய்வு பெற்றபின் அவர் ஓய்ந்திருந்தாரல்லர். இளமையில் கற்க வாய்ப்பிழந்து, நடுவயதில் படிக்க விரும்பும் பெண்கள் பலர் இருப்பதைக் கண்டு, 1942ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். வீட்டு வேலையை முடித்துவிட்டுத் தாய்மார்கள் பலகையும் புத்தகமுமாக வந்து அமர்ந்த பள்ளி அது. மயிலாப்பூர் மகளிர் சங்கத்தின் தலைமையையும் ஏற்றார். அச்சங்கத்தின் முயற்சியால் 1956ஆம் ஆண்டில் ஒரு பள்ளி தோன்றிற்று. வித்யா மந்திர் என்று பின்னர்ப் பெயர் பெற்ற அப்பள்ளி இன்றும் மயிலாப்பூரில் நடந்துவருகின்றது. தாம்பரத்தை அடுத்துப் பெண்கள், குழந்தைகள் நல நிலையம் ஒன்று அமையவும் அம்மையார் துணை நின்றார்.

முதுமையில் அவருடைய வாழ்க்கையை மோனிகா பெல்டன் என்னும் ஆங்கில மாது கேட்டறிந்து நூலாக எழுதினார். அந்நூல் 1966ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம்மைப் பற்றித் தாமே பேசிப் பழகாத அம்மையாரிடமிருந்து செய்திகளைப் பெறுவது அவ்வாசிரியைக்கு எளிதாய் இருந்திருக்காது.

1969ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, எண்பத்து மூன்றாம் வயதில் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் காலமானார். அவர் வயிற்றில் பிறந்த மக்கள் ஒருவரும் இலர். அவரிடம் பயின்று ஆசிரியைகளாகி, தம் கையால் உண்டு, தம் தம்பி தங்கையரையும் படிக்க வைத்த பெண்கள் பல ஊர்களில் அப்போது வாழ்ந்திருந்தனர்.